கொடைக்கானலில் ஐந்து நாள், கார் சாவி மகளிடம்

முதல் நாள்

காலை ஆறு மணிக்கு மதுரையை விட்டால் ஒன்பதரைக்குக் கொடைக்கானலில் சூடாக டீ குடிக்கலாம் என்று அத்தான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், கணக்குப் போட்டிருந்தார். வத்தலக்குண்டில் இட்லி சாப்பிடும்வரை கணக்கு சரியாகத்தான் போனது. பெருமாள்மலைக்கு மேலே வண்டிகள் நின்றுவிட்டன. மே மாதம், அதிலும் சனிக்கிழமை. 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுத்துத்தான் மலையேற வேண்டும். நாங்கள் எடுத்திருந்தோம். எங்களுக்கு முன்னால் நின்ற அத்தனை பேரும் எடுத்திருந்தார்கள், அதுதான் சிக்கல். வெள்ளி அருவிப் பக்கம் ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஐம்பது நிமிடம். சாலையோரம் பலாச்சுளை விற்ற அம்மா எங்களைத் தாண்டி மேலே நடந்து போனார், கூடையைக் காலி செய்துவிட்டு எங்களைத் தாண்டிக் கீழேயும் போனார்.

"இதுக்கு நடந்தே போயிருக்கலாம்" என்று என் வீட்டுக்காரர் அலுத்துக்கொண்டார். ஒன்பதாம் வகுப்பு முடித்திருக்கும் மகள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நாயுடுபுரத்தில் நாங்கள் தங்கும் வீட்டு வாசலில் வண்டி நின்றதும் சாவியை உருவி ஜெர்கின் பைக்குள் போட்டுவிட்டாள். கிளம்பும் நாள்வரை சாவி அவளிடம்தானாம். ஊருக்குள் எங்கே போனாலும் நடை, சைக்கிள், படகு. ரொம்பத் தூரமென்றால் வாடகை வண்டி, அதற்கும் அவள் ஒப்புதல் வேண்டும். தினமும் ஒரு ஆட்டம். தோற்றவர் ராத்திரி எல்லோருடைய டம்ளரையும் கழுவ வேண்டும். கொடைக்கானல் தண்ணீரில் ராத்திரி டம்ளர் கழுவுவது சாதாரணத் தண்டனை இல்லை.

"நான் அஞ்சு நாளும் கழுவிடுறேன், என்னை விட்டுரு தாயி" என்றாள் அக்கா. அவளுக்கு மூட்டுவலி. படி ஏறினால் முழங்கால் பிடித்துக்கொள்ளும்.

என் கதை வேறு. போன வருஷம் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பதாக டாக்டர் சொன்னதிலிருந்து தினமும் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நடக்கிறேன். ஒரு நாள்கூடத் தவறாது, வெளியூர் போகும்வரை. போன முறை நாலு நாள் கல்யாணத்துக்குப் போய்வந்து, மறுபடி ஷூவைத் தேடி எடுக்க மூன்று வாரம் ஆயிற்று. அதனால் இந்த முறை முன்னெச்சரிக்கையாக ஸ்கிப்பிங் கயிறு எடுத்து வந்திருந்தேன். வந்த கையோடு முற்றத்தில் ஆரம்பித்தேன். வீட்டில் ஒரே மூச்சில் நூறு குதிப்பேன். இங்கே நாற்பத்து மூன்றில் நெஞ்சு அடித்துக்கொண்டது, துணி காயப்போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பயப்பட ஒன்றுமில்லை, உயரம்தான். கொடைக்கானல் சுமார் ஏழாயிரம் அடியில் இருக்கிறது. மதுரையோடு பார்த்தால் இங்கே காற்றின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறையும், இதயம் வேகமாக அடித்து அதை ஈடுகட்டும். முதல் இரண்டு நாள் கொஞ்சம் அடக்கி வாசித்தால் உடம்பே சமாளித்துக்கொள்ளும். கயிறு பெட்டிக்குள் போயிற்று.

சாயந்தரம் கோக்கர்ஸ் வாக். 1872-ல் கோக்கர் என்ற ராணுவ அதிகாரி மலை விளிம்பை ஒட்டிப் போட்ட நடைபாதை, ஒரு கிலோமீட்டர்தான் இருக்கும். வெயில் முதுகுக்குப் பின்னால் அடித்து, எதிரே பள்ளத்தில் மஞ்சு, அதாவது பனிமூட்டம், நின்றால், நம் நிழல் அதன்மேல் விழுந்து தலையைச் சுற்றி வானவில் வளையம் தெரியும் என்பார்கள். மகள் அதற்காக இருபது நிமிடம் கையை விரித்துக்கொண்டு நின்றாள். மஞ்சு இருந்தபோது வெயில் இல்லை, வெயில் வந்தபோது மஞ்சு இல்லை.

இருட்டத் தொடங்கியதும் கீழே விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. அக்கா பெஞ்சிலிருந்து எழுந்து கம்பியருகே வந்தாள். "அந்தா பாரு, நம்ம ஊரு." நாங்கள் இருவரும் பெரியகுளத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். சின்ன வயதில் மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு மலை உச்சியில் மினுக்கும் கொடைக்கானல் விளக்குகளை எண்ணுவோம். மோட்டார் சாலை வருவதற்கு முன்னால் வெள்ளைக்காரர்கள் குதிரையிலும் டோலியிலும் ஏறியதெல்லாம் எங்கள் ஊர்ப் பக்கமிருந்துதான். எங்கள் தாத்தா சாலை வந்த பிறகும் கும்பக்கரை வழியாக மாங்காய்க் கூடையைச் சுமந்துகொண்டு மேலே ஏறி, விற்றுவிட்டு மறுநாள் இறங்குவாராம். பஸ் காசை மிச்சம் பிடித்து அம்மாவுக்குப் பாவாடைத் துணி வாங்கி வருவார் என்று அம்மா சொல்லுவாள். அவரை யாரும் உடற்பயிற்சி செய்யச் சொன்னதில்லை.

இன்றைய ஆட்டம், வீடு திரும்பும் ஏற்றத்தில் யார் முதலில் "கொஞ்சம் நில்லுங்க" என்று சொல்வது. சொன்னவர் அத்தான். டம்ளர் கழுவும் சத்தம் கேட்கிறது.

இரண்டாம் நாள்

காலை ஆறேகாலுக்கு நானும் வீட்டுக்காரரும் ஏரிக்குப் போனோம். ஏரியைச் சுற்றும் சாலை ஐந்து கிலோமீட்டர் சொச்சம். நட்சத்திரம் மாதிரிக் கைகளை நீட்டிக்கொண்டு கிடக்கும் ஏரி என்பதால், எதிர்க்கரை கூப்பிடு தூரத்தில் தெரியும், சாலை வளைந்து வளைந்து உங்களை எங்கோ கொண்டுபோய்விட்டுத்தான் அங்கே சேர்க்கும். 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் இங்கிருந்த சதுப்பு நிலத்தில் கரை எழுப்பித் தண்ணீரைத் தேக்கினார். முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார் என்றும் சொல்வார்கள். அதை எத்தனை பேர் எப்படிச் சுமந்து மேலே கொண்டுவந்தார்களோ!

இரண்டு நிமிடம் மெல்லோட்டம், மூன்று நிமிடம் நடை என்று போய்க்கொண்டிருந்தோம். தண்ணீர்மேல் பனிப்புகை. குதிரைக்காரர்கள் குதிரைகளுக்குச் சேணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு வளைவில், எதிரே ஸ்வெட்டரும் மங்கி குல்லாவும் போட்ட பெரியவர் கையை உயர்த்தி, "ஓடாதீங்க! அப்படியே நில்லுங்க" என்றார்.

வேலியோரம் கறுப்பாக ஒரு பாறை இருந்தது. அந்தப் பாறை காதை ஆட்டியது.

காட்டுமாடு. சுவரொட்டியில் பார்த்திருக்கிறேன், இவ்வளவு பக்கத்தில் இல்லை. திமில் என் தலைக்கு மேலே இருந்தது. நாலு காலிலும் முழங்காலுக்குக் கீழே வெள்ளை, சாக்ஸ் மாட்டிவிட்டது போல. மூச்சு விடும்போது மூக்கிலிருந்து ஆவி போனது. யாரோ வீட்டுத் தோட்டத்து ஹைட்ரேஞ்சியா பூச்செடியைப் பொறுமையாக மென்றுகொண்டிருந்தது. "அது பாட்டுக்குப் போயிரும்மா. நாம ஓடுனாத்தான் அதுக்குச் சந்தேகம் வரும். போட்டோ எடுக்கிறேன்னு கிட்டப் போய்த்தான் ஆளுங்க குத்து வாங்குறாங்க" என்றார் பெரியவர். மூவரும் பின்பக்கமாக ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தோம். பத்து நிமிடம் கழித்து அது சாலையைக் கடந்து சரிவில் இறங்கியது. அந்தப் பத்து நிமிடம் நான் சும்மா நின்றதற்கு என் கைக்கடிகாரம் நாடித்துடிப்பு 128 என்று காட்டியது. ஓடியபோதுகூட அவ்வளவு இல்லை.

பத்து மணிக்கு எல்லோருமாகப் படகுத்துறை. மகளும் பெரியப்பாவும் ஒரு பெடல் போட், அக்காவும் என் வீட்டுக்காரரும் இன்னொன்று. நான் மட்டும் துடுப்புப் படகு கேட்டேன். அதில் படகுக்காரர் கூட வருவார். கொஞ்ச நேரம் துடுப்பை என்னிடம் கொடுங்கள் என்று கெஞ்சி வாங்கினேன். நான் போட்ட முதல் நாலு துடுப்புக்குப் படகு அதே இடத்தில் வட்டம் போட்டது. தோளும் புஜமும் எரிந்தன.

"கையால இழுக்காதீங்கம்மா" என்றார் அவர். "கை சும்மா கயிறு மாதிரி. காலை அந்தக் கட்டையில ஊனுங்க. ஊனி, முதுகைப் பின்னால சாய்ங்க. கடைசியில கையை மடக்குங்க, போதும்." துடுப்பை ஆழமாக விடாமல் அதன் அகலம் மறைகிற அளவுக்கு மட்டும் தண்ணீரில் விட வேண்டும் என்றும் சொன்னார். ஐந்தாறு முறை சொதப்பினேன். அப்புறம் ஒரு தடவை எல்லாம் கூடி வந்தது. கால் உதைக்க, முதுகு சாய, படகு வழுக்கிக்கொண்டு போனது. ஜிம்மில் துடுப்பு மிஷினில் உட்கார்ந்து புஜத்தை மட்டும் வதைத்துக்கொண்ட ஆறு மாதம் நினைவுக்கு வந்தது. அங்கே யாரும் இதைச் சொல்லித்தரவில்லை. நானும் கேட்கவில்லை.

எதிர்பாராத விஷயம் அக்கா. அரை மணி நேரம் முடிந்ததும் இறங்கவே மனமில்லை அவளுக்கு. உட்கார்ந்தபடி மிதிப்பதால் உடம்பு பாரம் முட்டிமேல் இறங்கவில்லை, வலிக்கவில்லை. "இதுல என்னடி கஷ்டம்? தையல் மிஷின் மிதிக்கிற மாதிரிதானே" என்றாள். அவள் இருபத்தைந்து வருஷம் தையல் மிஷின் மிதித்தவள். ஆட்டத்தில் அவர்கள் படகுதான் முதலில் கரை சேர்ந்தது. நான் கடைசி. விரல் விறைத்துப் போய்த்தான் இதைத் தட்டச்சு செய்கிறேன்.

மூன்றாம் நாள்

வட்டக்கானலுக்கு வாடகை வண்டி எடுக்க மகளிடம் விண்ணப்பம் போட்டோம், கிடைத்தது. அங்கிருந்து டால்பின் நோஸுக்குக் காட்டுவழியாக நடை. அக்கா டீக்கடையில் உட்கார்ந்துகொண்டாள்.

இந்த வழியில் ஒரு சூது இருக்கிறது. வழக்கமாக மலையில் முதலில் ஏறுவோம், களைத்தால் திரும்பிவிடலாம். இங்கே முதலில் இறக்கம். மர வேர்களே படிக்கட்டு, இடையிடையே வழுக்குப் பாறை, செம்மண். இறங்கும்போது மூச்சு வாங்காது, பேசிக்கொண்டே ஜோராகப் போகலாம். ஏற வேண்டிய கணக்கைத் திரும்பும்போதுதான் நீட்டுவார்கள். வழியெல்லாம் சின்னச் சின்னக் கடைகள். பிரெட் ஆம்லெட், மசாலா தடவிய மாங்காய், இலையோடு கட்டி வைத்த கேரட், எலுமிச்சை டீ. அந்தக் கடைகளுக்கு முட்டையும் கேஸ் சிலிண்டரும் எப்படி வருகின்றன என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே, தலையில் முட்டை அட்டைகளை அடுக்கி, ரப்பர் செருப்போடு ஒரு அம்மா எங்களை முந்திக்கொண்டு போனார். நான் இரண்டு கையாலும் வேரைப் பிடித்திருந்தேன்.

இறங்குவதற்கு முன் ஷூ கயிற்றைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டச் சொன்னேன். இல்லையென்றால் பாதம் முன்னால் சறுக்கி, கட்டைவிரல் நகம் ஷூ முனையில் இடித்துக்கொண்டே வரும், இரண்டு நாளில் கறுத்துப்போகும். எல்லோரும் கேட்டார்கள். அத்தான் மட்டும், "எனக்கெல்லாம் பழக்கம்மா" என்றார்.

டால்பின் நோஸ் என்பது பள்ளத்துக்கு மேலே மூக்கு மாதிரி நீண்டு நிற்கும் தட்டைப் பாறை. கீழே ஆயிரக்கணக்கான அடிக்குப் பள்ளம். தடுப்புக் கம்பி இல்லாத முனையில் நின்று செல்ஃபி எடுக்கிற கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. நாங்கள் பின்னால் தள்ளி உட்கார்ந்து மாங்காய் சாப்பிட்டோம், அவ்வளவுதான்.

திரும்பும் ஏற்றத்துக்கு மகள் வைத்த ஆட்டம் அந்தாக்ஷரி. இதில் ஒரு விஞ்ஞானமும் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. மிதமான உழைப்பு என்றால் பேச முடியும், பாட முடியாது. இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்கினால் அது கடும் உழைப்பு. மருத்துவர்களே சொல்லும் அளவுகோல் இது, கருவி எதுவும் வேண்டாம். முதல் கடைவரை பல்லவி முழுதாக வந்தது. அதற்கு மேல் முதல் வரி மட்டும். நடுவழியில் 'ம' வரிசை என் முறைக்கு வந்தபோது என்னால் "ம... ம..." என்றுதான் சொல்ல முடிந்தது. பின்னால் வந்த கல்லூரிப் பையன்கள், "அக்கா, மாடு வந்துருச்சா?" என்று பதறினார்கள். ஊரில் எல்லோருக்கும் அதே நினைப்புதான் போல.

நன்றாக ஏற ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒவ்வொரு அடியிலும் பின்காலை முழுக்க நிமிர்த்தி, ஒரு நொடி எலும்பின் மேலேயே நின்றுவிட்டு, அடுத்த அடி. பார்க்கக் கல்யாணப் பெண் நடை மாதிரி இருக்கும். ஆனால் நிற்காமல் மேலே வந்து சேர்ந்தது நானும் முட்டைக்கார அம்மாவும்தான். அவர் அதற்குள் இரண்டாம் நடை.

கடைசியாக வந்த அத்தான் ஷூவைக் கழற்றினார். இரண்டு கட்டைவிரல் நகமும் கத்தரிப்பூ நிறம். "ஒண்ணுமில்லை" என்றார். அக்கா ஒரு பார்வை பார்த்தாள். டம்ளர் மீண்டும் அவருக்கே.

நான்காம் நாள்

இன்று காலை என் வீட்டுக்காரர் மாடியிலிருந்து பக்கவாட்டில் இறங்கினார், நண்டு மாதிரி. நான் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு இறங்கினேன். மகளுக்கும் வலிதான், காட்டிக்கொள்ளவில்லை.

ஏறியது வலிக்கவில்லை. இறங்கியதுதான் வலிக்கிறது. இறக்கத்தில் தொடைத் தசை பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது, பிரேக் பிடித்தபடி மலையிறங்கும் லாரி மாதிரி. பழக்கமில்லாத தசையில் அப்போது நுண்ணிய காயங்கள் ஏற்படும். உடனே தெரியாது, ஒன்று முதல் மூன்று நாளைக்குள் உச்சத்துக்கு வரும், பிறகு தானாக அடங்கும். சமதளத்தில் ரேஸ்கோர்ஸைப் பத்துச் சுற்றுச் சுற்றினாலும், டிரெட்மில்லில் சரிவை ஏற்றி வைத்து நடந்தாலும், இதற்குத் தயாராக முடியாது. படுத்தே கிடந்தால் இன்னும் விறைத்துக்கொள்ளும், மெதுவாக நடந்தால் கொஞ்சம் இளகும்.

அதனால் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கு ஆமை நடை. இந்து சமயத்துக்கு மாறி லீலாவதி என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு ஐரோப்பியப் பெண்மணி 1936-ல் கட்டிய முருகன் கோயில். கோயிலுக்குப் பின்னாலிருந்து பார்த்தால் பழனி தெரியும் என்றார்கள், இன்று மேகம்தான் தெரிந்தது. குறிஞ்சி கடைசியாகப் பூத்தது 2018-ல், அடுத்து 2030. "அப்ப எனக்கு அறுபது" என்றாள் அக்கா, யாரும் கேட்காமலே.

மத்தியானம் ஏரிக்கரை. எங்கள் மூவருக்கும் தொடை, அத்தானுக்கு நகம். பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து வேர்க்கடலை உரித்தோம். அக்கா மட்டும் எழுந்து வாடகை சைக்கிள் கடைப்பக்கம் போனாள். ஒவ்வொரு சைக்கிளாக சீட்டைத் தட்டிப் பார்த்தாள்.

"பெரியம்மாவுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா?" என்றாள் மகள்.

தெரியுமாவா? பெரியகுளத்தில் என்னைப் பின்னால் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனதே அவள்தான். ஆனால் முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. சீட்டை உயர்த்தச் சொன்னேன். மிதி கீழே இருக்கும்போது கால் ஏறக்குறைய நீண்டிருக்க வேண்டும், சீட்டு தாழ்ந்தால் முட்டி அதிகம் மடங்கி வலி வரும். கடைக்காரத் தம்பி ஸ்பானரைக் கொண்டுவந்து உயர்த்திக் கொடுத்தார். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை, கால் தரையில் எட்ட வேண்டும் என்றாள். பேரம் பேசி ஒரு விரற்கடை இறக்கினோம். சேலையை முழங்கால் பக்கம் அள்ளி இடுப்பில் செருகிக்கொண்டாள். அத்தான் கேரியரைப் பிடித்துக்கொண்டு நாலு அடி நொண்டினார். ஹேண்டில் வலது பக்கம் போய், இடது பக்கம் போய், ஒரு குதிரையின் வாலை உரசி, நேரானது. வளைவில் மறைந்துவிட்டாள்.

அரை மணி நேர வாடகை. முப்பது நிமிடம் ஆயிற்று, நாற்பது ஆயிற்று. போனை அத்தானிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். எல்லோரும் அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு வேலியோரத்துக் கறுப்புப் பாறை நினைவுக்கு வந்து, தொடை வலியோடு எழுந்து நின்றேன்.

முதுகுக்குப் பின்னால் மணி அடித்தது. முழு ஏரியையும் சுற்றி அந்தப் பக்கமாக வந்து நின்றாள். முகமெல்லாம் வியர்வை. "வழியில ஒரு இடத்துல ஏத்தம். இறங்கித் தள்ளிட்டேன். அது ஆட்டத்துல சேராதுன்னு சொல்லிராதீங்க" என்றவள், கடைக்காரத் தம்பியிடம் திரும்பி, "இன்னொரு அரை மணிக்கு எவ்வளவு தம்பி?" என்றாள்.

அத்தான் பர்ஸை எடுத்தார்.

ஐந்தாம் நாள்

காலையில் கிளம்பிவிட்டோம். சாவியை மகள் பெரிய சடங்காக அப்பாவிடம் ஒப்படைத்தாள். அவர் முதல் கிளட்சை மிதித்ததும் "அம்மா" என்றார்.

கீழே வரும் வழியில் டம் டம் பாறையில் வண்டியை நிறுத்தினோம். அங்கிருந்து எதிர்மலையில் தலையாறு அருவி தெரியும், எலிவால் அருவி என்றும் சொல்வார்கள். சுமார் 975 அடி, தமிழ்நாட்டிலேயே உயரமான அருவி. கதவைத் திறந்து, காலை வெளியே வைத்து, இருக்கையிலிருந்து எழ வேண்டும். அவ்வளவுதான் வேலை. நானும் வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மகள் தூங்குவது போல் கண்ணை மூடிக்கொண்டாள். அத்தான் செருப்புக்குள் காலை விடவே தயாராக இல்லை.

அக்கா மட்டும் இறங்கிப் போனாள். கம்பிமேல் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்று பார்த்தாள்.

"எப்படிக்கா இருக்கு?" என்று கண்ணாடியை இறக்கிக் கேட்டேன்.

"தண்ணி கம்மிதான். நூலு மாதிரி இருக்கு" என்றாள், திரும்பாமலே. "இறங்கி வந்து பாருங்களேன்டி."